சிவப்புப் புள்ளி வைத்த கவர்

இது நடந்தது. கட்டிவிட்ட கதை என்று சொல்கிறவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளட்டும். சாட்சிக்கு ஒரு நோட்டு இருக்கிறது. நீல பைண்டு போட்ட பெரிய நோட்டு. திருவல்லிக்கேணியில் ஜஹனாராவின் வீட்டு பீரோவில், கம்பளிக்கு அடியில் கிடக்கிறது. கேட்டால் காட்டமாட்டாள். கேட்டுப் பார்த்தாயிற்று.

இன்னொன்று. பேய் என்றதும் நடு ராத்திரி, நாய் ஊளை, மல்லிகைப்பூ வாசனை என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள் ஏமாந்து போவார்கள். இது பட்டப்பகலில் நடந்தது. 1994, ஆகஸ்ட் 17, புதன்கிழமை. மத்தியானம் இரண்டு மணி பத்து நிமிஷம். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில், வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த நேரம்.

அங்கே ஒரு பாத்திரக்கடைக்கு மேலே, முதல் மாடியில், டாக்டர் ரகுபதியின் லேப் இருந்தது. ரத்தம், சிறுநீர், ஆபரேஷனில் எடுத்த சதைத் துணுக்கு எல்லாம் அங்கே வரும். டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்லுவார். ஜஹனாரா டைப் அடிப்பாள். அவளுக்கு அப்போது வயது இருபத்தொன்பது. டைப்பிங், கவுன்ட்டர், ஃபைல் எல்லாம் அவள் பொறுப்பு. கீழே கேட்டைத் திறப்பது, பூட்டுவது, டீ வாங்கி வருவது அட்டெண்டர் நாகராஜின் பொறுப்பு.

அந்த லேபில் ஒரு வழக்கம் இருந்தது. வெளியே யாருக்கும் தெரியாது. ஆனால் வேண்டியவர்களுக்குத் தெரியும்.

ரிசல்ட் கெட்ட ரிசல்ட்டாக இருந்தால், வீட்டு மனிதர் வந்து டாக்டரிடம் கெஞ்சினால், ஜஹனாரா இரண்டு ரிப்போர்ட் அடிப்பாள். வெள்ளைக் கவரில் ஒரு பொய். அது நோயாளிக்கு. பழுப்புக் கவரில் உண்மை. அது வீட்டு மனிதருக்கு மட்டும். மாறிப்போகாமல் இருக்கப் பழுப்புக் கவரின் மூலையில் சிவப்பு இங்க்கில் ஒரு சின்னப் புள்ளி. ரிப்போர்ட் வாங்கினதற்குக் கையெழுத்துப் போடுகிற நீல நோட்டிலும் அந்த வரிக்கு ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.

டாக்டர் ரகுபதி கெட்டவர் இல்லை. காசுக்காகச் செய்தவரும் இல்லை. ஒரு காலத்தில் அவர் எல்லாரிடமும் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நாற்பது வயது மனிதர் ஒருவர் தன் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கி, நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மறுநாள் காலை பட்டினப்பாக்கம் கடற்கரையில் அவர் உடம்பைக் கண்டெடுத்தார்கள். சட்டைப் பையில் ரிப்போர்ட் நனைந்து கிடந்தது. அதற்குப் பிறகு டாக்டர் மாறிவிட்டார்.

“தெரிஞ்சா பாதி உயிர் அன்னிக்கே போயிடும்மா. இருக்கிற நாளாவது நிம்மதியா இருக்கட்டும்” என்பார்.

ஜஹனாராவும் அதை நம்பினாள். அவளுடைய அப்பா அப்துல் கரீமுக்கும் கெட்ட ரிசல்ட் வந்தபோது இதேதான் நடந்தது. வாயுத் தொல்லை என்று அவளே தன் வாயால் சொல்லி, கடைசி வரை சிரிக்க வைத்து அனுப்பினாள். அதைப் பெரிய புண்ணியமாக நினைத்துக்கொண்டிருந்தாள், பாவம்.

அந்த வருஷம் மார்ச்சில் ஸ்ரீரங்கன் என்று ஒருவர் வந்தார். மந்தைவெளிக்காரர். மத்திய அரசு ஆபீஸில் சூப்பரின்டெண்ட். அவர் மனைவி பங்கஜம், பெண்கள் பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷமாகக் கணக்கு டீச்சர். வயிற்றில் எடுத்த துணுக்கில் புற்றுநோய். கல்லீரலுக்கும் போய்விட்டது என்று ஸ்கேன் சொல்லிவிட்டது. கத்தி வைக்க வழியில்லை. ஐந்தாறு மாதம்.

ஸ்ரீரங்கன் டாக்டரின் மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “அவ தாங்கமாட்டா டாக்டர். பொண்ணு ஸ்நேஹா அமெரிக்காவில பி.எச்டி. பண்ணிண்டிருக்கா. ஆகஸ்ட் கடைசியில பெரிய பரீட்சை. தெரிஞ்சா போட்டது போட்டபடி ஓடி வந்துடுவா. ஸ்காலர்ஷிப் போயிடும். ரெண்டு பேருக்கும் தெரியவே கூடாது.”

ஜஹனாரா இரண்டு ரிப்போர்ட் அடித்தாள். வெள்ளைக் கவரில் ‘அல்சர்’.

ஏப்ரல் மாதம் ஒருநாள், காலை பதினொன்றே கால் மணிக்கு, பங்கஜம் தனியாக லேபுக்கு வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். மற்றபடி தெம்பாகத்தான் இருந்தாள். மூச்சு வாங்கப் படியேறி, கவுன்ட்டர் முன்னால் நின்றாள்.

“ஏம்மா, ரிப்போர்ட்டெல்லாம் டைப் அடிக்கறது நீதானே?”

“ஆமா டீச்சர்.”

“எங்காத்துக்காரர் பையில ஒரு பழுப்புக் கவரைப் பார்த்தேன். உங்க லேப் கவர்தான். மூலையில செவப்புல ஒரு புள்ளி. நான் இருபத்தெட்டு வருஷமா செவப்பு இங்க்கோட குடித்தனம் பண்றவ. யாரும் காரணம் இல்லாம செவப்பு வைக்கமாட்டா.”

“அது... அர்ஜென்ட் ரிப்போர்ட்டுக்குப் போடுறது டீச்சர்.”

பங்கஜம் அவள் முகத்தையே பார்த்தாள். வகுப்பில் கணக்குத் தப்பாகப் போட்ட பெண்ணைப் பார்க்கிற பார்வை. பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள்.

“எனக்குச் சாகறதுக்கு பயம் இல்லம்மா. ஒண்ணே ஒண்ணு தெரியணும். வெறும் அல்சர்னா பொண்ணை டிசம்பர்ல வரச் சொல்றேன். பரீட்சையெல்லாம் முடிச்சுண்டு நிதானமா வரட்டும். வேற ஏதாவதுன்னா இப்பவே வரச் சொல்லணும். அவளோட நாலு நாள் இருக்கணும், அவ்வளவுதான். நீ சொல்லு. டிசம்பர்ல வரச் சொல்லலாமா?”

அந்தக் கேள்விக்கு உள்ளே இருந்த டாக்டர் பதில் சொல்லவில்லை. ஸ்ரீரங்கன் பதில் சொல்லவில்லை. சொன்னது ஜஹனாராதான்.

“அல்சர்தான் டீச்சர். டிசம்பர்ல வரட்டும்.”

பங்கஜத்தின் முகம் மலர்ந்துவிட்டது. “நன்னா இரும்மா” என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கிப் போனாள். அன்று ஜஹனாராவுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் இறங்கியது. நாம் எல்லாரும் அப்படித்தான்.

நாலு மாதம் ஓடியது.

ஆகஸ்ட் 17. வழக்கம்போல ஒரு மணிக்கு லேபுக்கு லஞ்ச் இடைவேளை. டாக்டர் வீட்டுக்குப் போய்விட்டார். நாகராஜ் கீழே இரும்பு கேட்டை இழுத்துப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனான். ஜஹனாரா தனியாக இருப்பதால் தினமும் அப்படித்தான் செய்வான். அந்த கேட்டைத் திறந்தால் ‘கிறீச்ச்ச்’ என்று கத்தும். பாத்திரக்கடைக்காரர் தினமும் திட்டுவார்.

ஒன்று ஐம்பதுக்குக் கரண்ட் போனது. ஃபேன் நின்றது. சாம்பிள் வைக்கிற ஃப்ரிட்ஜின் உறுமல் நின்றது. ஜஹனாரா டிபன் பாக்ஸைக் கழுவி வைத்துவிட்டு, பின்பக்கத்துச் சின்ன அறையில் ஜமுக்காளத்தை விரித்துத் தொழுதாள்.

தொழுகை முடிகிற நேரம் படியில் சத்தம் கேட்டது.

தொப்...

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.

தொப்...

அவள் காதைத் தீட்டிக்கொண்டாள். மனிதர்கள் படியேறினால் ஒரு கால், அடுத்த கால் என்று கேட்கும். இது அப்படி இல்லை. இரண்டு காலையும் சேர்த்து ஒரே நேரத்தில் வைக்கிற சத்தம்.

தொப்...

அந்த மாடிக்குப் பதினெட்டுப் படி. பதினெட்டும் கேட்டது. கேட் திறந்த சத்தம் மட்டும் கேட்கவே இல்லை. நாகராஜ் இன்றைக்கு மறந்து திறந்து போட்டுவிட்டுப் போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

கவுன்ட்டருக்கு வந்தாள். சுவர்க் கடிகாரம் இரண்டு பத்து காட்டியது.

பங்கஜம் நின்றுகொண்டிருந்தாள்.

ஜஹனாராவுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, சந்தோஷம். டீச்சர் இன்னும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறாள்! அதுவும் எவ்வளவு ஜோராக! மடிப்புக் கலையாத புதுப் புடவை. முகம் முழுக்க மஞ்சள். நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். தலை கொள்ளாத பூ. கழுத்தில் துளசி மாலை.

வீட்டில் ஏதோ விசேஷம் போலிருக்கிறது என்று நினைத்தாள். இந்துக்கள் வீட்டு விசேஷங்களைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள், கொலுவுக்குப் போயிருக்கிறாள். வேறு எதற்கும் அவர்கள் வீட்டுக்குள் அவள் போனதில்லை.

“வாங்க டீச்சர். உட்காருங்க.”

பங்கஜம் உட்காரவில்லை. தலைமுடி ஈரமாக இருந்தது. நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

சொட்... சொட்...

வெளியே மொட்டை வெயில்.

“என்னோட இன்னொரு ரிப்போர்ட்” என்றாள் பங்கஜம்.

குரல் சரியில்லை. வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு பேசுவது போல இருந்தது.

“டீச்சர்...”

“செவப்புப் புள்ளி வெச்சது.”

ஜஹனாராவின் கண் நிரம்பிவிட்டது. இந்த நாலு மாதத்தில் எத்தனையோ தடவை இதை நினைத்திருக்கிறாள். இன்னொரு தடவை டீச்சர் வந்து கேட்டால்... கேட்டால் சொல்லிவிடுவேன் என்று. இதோ கேட்கிறாள். டாக்டர் வேலையை விட்டு நிறுத்தட்டும். ஸ்ரீரங்கன் வந்து கத்தட்டும். டிசம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது. இப்போது சொன்னாலும் பெண் வந்துவிடுவாள். அவள் மனசில் ஓடியது அதுதான்.

ஃபைலை எடுத்தாள். மார்ச் மாதக் கட்டைப் பிரித்தாள். உண்மை ரிப்போர்ட்டின் கார்பன் காப்பி இருந்தது. ஓரத்தில் லேபின் ஊதா சீல். அதை உருவினாள்.

“அல்சர் இல்லை டீச்சர். கேன்சர். மார்ச்லயே தெரியும். நான் உங்க மூஞ்சைப் பார்த்துப் பொய் சொன்னேன். என்னை மன்னிச்சிடுங்க. பொண்ணை இப்பவே வரச் சொல்லுங்க.”

பங்கஜம் காகிதத்தை வாங்கிக்கொண்டாள். விரல் பட்டது.

சில்லென்று இருந்தது. ஃப்ரிட்ஜில் வைத்த சாம்பிள் பாட்டில் போல.

“டிசம்பர்னு சொன்னியேம்மா” என்றாள் பங்கஜம்.

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஜஹனாரா தாங்கியிருப்பாள்.

“பொண்ணு... வந்துட்டாங்களா டீச்சர்?”

“வந்துண்டிருக்கா.”

காகிதத்தை மடித்துக்கொண்டாள்.

“நான்தான் இருக்க முடியலை. நாலு மணிக்குள்ள போயாகணும்.”

ஆஸ்பத்திரியில் சேரப் போகிறாள் போல என்று நினைத்தாள் ஜஹனாரா. நோட்டைத் திருப்பி வைத்தாள். பேனாவை நீட்டினாள். பங்கஜம் அந்தப் பேனாவைத் தொடவில்லை. டம்ளரில் நின்ற சிவப்புப் பேனாவை எடுத்தாள். குனிந்தாள்.

கீச்... கீச்... நிப் காகிதத்தில் ஓடியது.

அப்போது அவள் வாயிலிருந்து ஏதோ உதிர்ந்தது.

நோட்டின் மேல் விழுந்தது.

வெள்ளையாக... இரண்டு மூன்று...

ஜஹனாரா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

யாரும் இல்லை.

படியில் மட்டும் சத்தம்.

தொப்...

தொப்...

கீழே போய்...

நின்றது.

கேட் கத்தவில்லை.

இரண்டு இருபத்தைந்துக்குக் கரண்ட் வந்தது. ஃப்ரிட்ஜ் ‘உர்ர்’ என்று உறும, ஜஹனாராவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இரண்டு நாற்பதுக்குக் கேட் ‘கிறீச்ச்ச்’ என்று கத்தியது. நாகராஜ் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே மேலே வந்தான்.

“என்ன நாகராஜ் அண்ணே, கேட்டைத் திறந்து போட்டுட்டுப் போயிட்டீங்க? ஒரு பேஷண்ட் வந்துட்டுப் போனாங்க.”

“இன்னாம்மா சொல்ற? பூட்டிக்கினுதான் போனேன். இப்பதான் தொறந்துக்கினு வரேன்.”

அவன் கண் கவுன்ட்டருக்குப் போனது. தரையில் தண்ணீர். நோட்டின் மேல் வெள்ளையாக ஏதோ. ஒன்றை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தான்.

“இது இன்னா... பச்சரிசி? ஈரமா கீது?”

“அவங்க வாயில இருந்து விழுந்தது அண்ணே. என்னமோ விசேஷம் போல. புதுப் புடவை, மஞ்சள், துளசி மாலை எல்லாம்...”

நாகராஜின் கை அப்படியே நின்றது. “நடந்து வந்தாங்களா?”

“இல்லண்ணே. ரெண்டு காலையும் சேர்த்து வெச்சு... தொப்பு தொப்புன்னு...”

நாகராஜ் அரிசியைக் கீழே போட்டான். கையை வேட்டியில் துடைத்தான், மறுபடி துடைத்தான்.

“குளிப்பாட்டிட்டு... கால் கட்டை வெரல் ரெண்டையும் சேர்த்துக் கட்டுவாங்கம்மா” என்றான். “வாயில அரிசி போடுவாங்க. அதுக்குப் பேரு வாய்க்கரிசி.”

ஜஹனாரா மார்ச் மாத ஃபைலை மறுபடி எடுத்தாள்.

இரண்டு ஐம்பத்தைந்துக்கு ஃபைலில் இருந்த நம்பரை டயல் செய்தாள். மூன்றாவது மணியில் யாரோ எடுத்தார்கள். பின்னால் அழுகைச் சத்தம், மந்திரம் சொல்கிற சத்தம்.

“பங்கஜம் டீச்சர்...”

“பங்கஜம் மாமியா? காத்தால ஒம்பது இருபதுக்குப் போயிட்டாளே. நாலு மணிக்கு எடுக்கறா. நீங்க யாரு?”

அவள் யார் என்று சொல்லவில்லை. ஃபோனை வைத்துவிட்டாள்.

அன்றைக்கே அந்த நீல நோட்டைப் பார்க்காமலே மூடி, கயிறு போட்டுக் கட்டினாள். புது நோட்டுப் போட்டாள். இனிமேல் இரண்டு ரிப்போர்ட் அடிக்கமாட்டேன் என்று டாக்டரிடம் சொன்னாள். ஏன் என்று அவர் கேட்டார். சொன்னாள். அவர் நம்பினாரா தெரியாது. ஆனால் வெள்ளைக் கவருக்கு வேறு ஆளையும் வைத்துக்கொள்ளவில்லை. இரவுகளில் அவளுக்கு அப்பாவின் நினைவு வந்தது. அந்தச் சிரிப்பு நிஜமாகவே தெரியாத சிரிப்பா, இல்லை இவளுக்காகச் சிரித்த சிரிப்பா? கேட்க ஆள் இல்லை.

இத்தோடு முடிந்திருந்தால் வெயிலில் வந்த மயக்கம் என்று தள்ளிவிடலாம்.

ஆகஸ்ட் முப்பது, செவ்வாய்க்கிழமை. காலை பத்தரை மணிக்கு ஸ்ரீரங்கன் படியேறி வந்தார். பதின்மூன்று நாளில் பத்து வயது கூடியிருந்தது. கூட ஒரு பெண். அம்மாவின் அதே பார்வை. ஸ்நேஹா என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் வந்து சேர்ந்தது பத்தொன்பதாம் தேதி ராத்திரி. அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பரீட்சையையும் எழுதவில்லை.

அவள் ஒரு நீல ஏர்மெயில் கடிதத்தைக் கவுன்ட்டரில் வைத்தாள். “ஏப்ரல்ல அம்மா எழுதினது. நீங்க படிங்கோ.”

பங்கஜத்தின் குண்டு குண்டு எழுத்து. கடைசிப் பத்தியை ஸ்நேஹா விரலால் காட்டினாள்.

‘எனக்கென்னமோ சந்தேகமாக இருந்தது. நேரே லேபுக்கே போய்க் கேட்டுவிட்டேன். அங்கே ஒரு முஸ்லிம் பெண் இருக்கிறாள். பொய் சொல்லத் தெரியாத முகம். டிசம்பரில் வரட்டும் என்றாள். அதனால் நீ பதறாமல் டிசம்பரில் வா. அம்மா இருப்பேன்.’

ஜஹனாரா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளைத் தேற்ற அங்கே யாருக்கும் தெம்பு இல்லை.

ஸ்ரீரங்கன்தான் பேசினார். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக.

“திருச்சியிலேருந்து அவ அண்ணா வரணும்னு நாலு மணி வரைக்கும் ஹால்லயே வெச்சிருந்தோம். குளிப்பாட்டி, அரிசியெல்லாம் போட்டாச்சு. நான்தான் பக்கத்துல உக்காந்திருந்தேன். ரெண்டு மணிக்கு மேல கொஞ்சம் கண் அசந்துட்டேன். தூக்கறச்சே பார்த்தா, வலது கை மூடியிருக்கு. உள்ள ஒரு காகிதம். ஓரத்துல உங்க லேப் சீல். விரலைப் பிரிக்க முடியலை. அப்படியே... அவளோடயே போயிடுத்து.”

மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“என் கவர் என் ஆபீஸ் டிராயர்ல பூட்டினபடி இருக்கு. நீதான் குடுத்திருக்கணும். உன்மேல கோவம் இல்லம்மா. எப்போ குடுத்தே, அதை மட்டும் சொல்லு. எத்தனை நாளா தெரிஞ்சுண்டு என்னோட சிரிச்சுப் பேசிண்டிருந்தா?”

இங்கேயும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நல்ல பொய்யாகக்கூட இருந்திருக்கும். ஜஹனாரா சொல்லவில்லை. நீல நோட்டை எடுத்து வந்தாள். கயிற்றை அவிழ்த்தாள். கடைசியாக எழுதிய பக்கத்தைப் பார்க்காமலே திருப்பி அவர் முன்னால் வைத்தாள்.

பக்கத்தில் இரண்டு அரிசி காய்ந்து ஒட்டியிருந்தது.

ஓரத்தில் சிவப்புப் புள்ளி. அதை ஜஹனாரா வைக்கவில்லை.

பிறகு சிவப்பு இங்க்கில், அதே குண்டு குண்டு எழுத்து. தேதி 17-8-94. நேரம் 2.22. நோயாளி பெயர், பங்கஜம் ஸ்ரீரங்கன்.

அடுத்த கட்டம், ரிப்போர்ட்டை வாங்குகிறவர் நோயாளிக்கு என்ன உறவு என்று எழுதுகிற கட்டம். அந்த நோட்டில் சிவப்புப் புள்ளி வைத்த வரிகள் மொத்தம் நூற்றுப் பதினொன்று. கணவர் என்று இருக்கும். மகன் என்று இருக்கும். மருமகன், தம்பி, பெரியப்பா என்றெல்லாம் இருக்கும்.

இந்த ஒரு வரியில் மட்டும் ‘நானே’ என்று எழுதியிருந்தது.

எழுதியவள் செத்து அப்போது ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது.